காய்ச்சலை மறைக்க வைத்த கடன்

கேள்வி: மட்டக்களப்பு மாவட்டத்தில் தீயணைப்பு வீரராக வேலை செய்கிறேன். வயது 41, ஊர் ஆரையம்பதி. கையில் வரும் சம்பளம் 54,000. ஓவர்டைம் கிடைத்தால் இன்னும் 22,000 வரும். வீட்டுச் செலவு 46,000. தங்கச்சிக்குக் கட்டும் வீட்டுக்குக் கடனாக எடுத்த சாமான்களுக்கு ஹார்ட்வெயார் கடைக்கு மாதம் 12,000. மனைவி பேரில் நுண்கடன், கிழமைக்கு 3,200, நிலுவை 1,10,000. கொரோனாக் காலத்தில் தொடங்கிய நகை அடகு இன்று நான்கு ரசீது, ஆறு பவுண், 4,80,000. இதில் பெரியது இரண்டரைப் பவுண் ஆரம், 1,60,000க்கு வைத்தது. வட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு 18, அதை வருடா வருடம் அசலோடு சேர்த்துப் புதுப்பிக்கிறேன். 2021 ஆகஸ்டில் காய்ச்சல் வந்தபோது, ஓவர்டைம் போய்விடுமே என்று இரண்டு நாள் யாருக்கும் சொல்லாமல் வேலைக்குப் போனேன். அந்த ஷிப்டில் மூன்று பேருக்குத் தொற்று வந்தது. அவர்கள் சுகமாகிவிட்டார்கள். எனக்கு இன்றும் படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. இப்போது சீட்டு விழுந்து 2 இலட்சம் கையில் இருக்கிறது. டொலரில் நாளாந்தம் இலாபம் தரும் ஆப் ஒன்றில் போடச் சொல்கிறார் மச்சான். ஆள் சேர்த்தால் தனிப் பங்காம். போடலாமா?

பதில்: தம்பி, அந்த ஆப்பில் ஒரு ரூபா கூடப் போட வேண்டாம். ஆள் சேர்த்தால் பங்கு என்றால், பின்னால் வருகிறவரின் காசை முன்னால் வந்தவருக்குக் கொடுக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். இப்படி ஆள் சேர்க்கிற பிரமிட் திட்டங்களை இலங்கையில் வங்கிச் சட்டமே தடை செய்திருக்கிறது. நீங்கள் ஆள் சேர்த்துவிட்டால் நாளைக்கு உங்கள் பெயரும் முறைப்பாட்டில் வரும். மச்சான் போனில் காட்டுகிற இலாபம் வெறும் இலக்கம். இதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்குப் பொறுமை இல்லை.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்த இரண்டு நாட்கள்தான். வரவு செலவை எழுதி வையுங்கள் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, என்னைவிட நன்றாக எழுதியிருக்கிறீர்கள். பிழை வேறு இடத்தில். ஓவர்டைமைச் சம்பளம் என்று நினைத்து அதன் மேல் கடனை ஏற்றிவிட்டீர்கள்.

கணக்கைப் பாருங்கள். வீட்டுக்கு 46,000, கடைக்கு 12,000, நுண்கடனுக்கு மாதம் கிட்டத்தட்ட 14,000. மொத்தம் 72,000. சம்பளம் 54,000. மாதம் பிறக்கும்போதே 18,000 பள்ளம். ஓவர்டைம் வந்தால் பள்ளம் மூடி 4,000 மிஞ்சும். வராவிட்டால் ஒரு நகை அடகுக் கடைக்குப் போகும். அடகுக்கு ஆண்டுக்கு 86,400 வட்டி, மாதம் 7,200. இது உங்கள் 72,000க்குள் இல்லை. ஏனென்றால் நீங்கள் அதைக் கட்டுவதே இல்லை. வருடா வருடம் வட்டியை அசலோடு சேர்த்து ரசீதைப் புதுப்பிக்கிறீர்கள்.

மற்ற வேலைகளில் ஓவர்டைம் நின்றால் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துச் சமாளிக்கலாம். உங்கள் வேலையில் ஓவர்டைம் நிற்பதற்குக் காரணமே உங்கள் உடம்புதான். கொரோனா அதை வெளியில் கொண்டுவந்தது. ஒரே வாகனத்தின் முன்பகுதியில் நெருங்கி உட்கார்ந்து போகிறீர்கள், இரவில் ஒரே அறையில் படுக்கிறீர்கள், முகமூடியும் சுவாசக் கருவியும் கைமாறுகின்றன. ஒருவருக்கு வந்தால் ஷிப்டே தனிமைப்படுத்தலில். கொரோனாவுக்குக் கட்டிய என்95 முகமூடி தூசையும் கிருமியையும் தடுக்கும். தீயில் எழும் காபன் மொனொக்சைட்டை அது தடுக்காது. போதாக்குறைக்கு, பல இடங்களில் தெருத்தெருவாகக் குளோரின் கரைசல் தெளிக்கிற வேலையும் தீயணைப்புப் படைகளின் தலையில் விழுந்தது. தெருக்களில் அப்படித் தெளிப்பதால் பயன் இல்லை, கண்ணுக்கும் தோலுக்கும் மூச்சுக்குழாய்க்கும் கெடுதி என்று 2020 மே மாதமே உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. 2022இல் அதே நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு தீயணைப்பு வேலையையே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் தொழில்களின் பட்டியலில் சேர்த்தது. இவ்வளவையும் தாங்குகிற உடம்பிடம் மாதம் 18,000 வேறு கேட்கிறீர்கள்.

2021 ஆகஸ்ட் எப்படி இருந்தது என்று மட்டக்களப்பில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. நாடெங்கும் இருந்து ஓட்டமாவடி மஜ்மா நகருக்கு அடக்கம் செய்ய, கொரோனாவில் இறந்தவர்களின் உடல்கள் வந்துகொண்டிருந்த காலம். அந்த நேரத்தில் நீங்கள் காய்ச்சலை மறைத்தீர்கள் என்றால், கெட்ட எண்ணத்தில் செய்திருக்க மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். வட்டிக்குப் பயந்தீர்கள். அதனால்தான் இந்தப் பள்ளத்தை மூடாமல் வேறு எதைப் பற்றியும் உங்களோடு கதைக்க மாட்டேன் என்கிறேன். 2022இல் பணவீக்கம் 70 சதவீதத்தை எட்டியபோது ஓவர்டைம் சாப்பாட்டுக்கே போயிருக்கும், அதுவும் விளங்குகிறது. ஆனாலும் அந்த வருடங்கள் முடிந்துவிட்டன, பழக்கம் மட்டும் முடியவில்லை.

சரி, அந்த 2 இலட்சத்தை என்ன செய்வது? நான்கு ரசீதில் பெரியது எது என்று பாருங்கள். இரண்டரைப் பவுண் ஆரத்தை 1,60,000க்கு வைத்ததாக எழுதியிருந்தீர்கள். வட்டியோடு சேர்த்தாலும் 2 இலட்சத்துக்குள் மீட்கலாம். மீட்டு, விற்றுவிடுங்கள். மனைவிக்கு இது கசக்கும். முதலில் அவவிடம் கேட்டு, அவ சம்மதித்தால் மட்டும் செய்யுங்கள், நகை அவவுடையது. 2021இல் இருந்த பவுண் விலை இன்றைக்கு இரண்டு மடங்குக்கு மேல். கடைக் கழிவு எல்லாம் போகப் பவுணுக்கு 2 இலட்சம் என்று குறைத்தே வைத்தாலும் 5 இலட்சம் வரும். மிச்ச மூன்று ரசீதும் 3,20,000. ஒரு வருட வட்டி சேர்த்து 3,78,000 கட்டினால் மூன்றரைப் பவுண் வீட்டுக்கு வந்துவிடும். கையில் 1,22,000 மிஞ்சும். அதில் நுண்கடன் 1,10,000ஐ ஒரேயடியாகக் கட்டி முடியுங்கள். கட்டுவதற்கு முன் நிலுவையை எழுத்தில் கேளுங்கள், முன்கூட்டியே கட்டுவதற்கு வட்டியில் எவ்வளவு கழிப்பார்கள் என்றும் கேளுங்கள். கேட்காமல் யாரும் கழித்துத் தரமாட்டார்கள்.

இப்போது பள்ளம் 18,000இல் இருந்து 4,000 ஆகிவிட்டது. மீதி தங்கச்சி வீட்டில்தான் இருக்கிறது.

அதைத் தொட எனக்கே தயக்கம். நம் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். அப்பா இல்லாத வீட்டில் அது அண்ணனின் கடமை என்று ஊரே சொல்லும். கட்ட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சம்பளத்தில் கட்டுங்கள், உங்கள் சுவாசப்பையில் கட்டாதீர்கள். கடைக்காரரிடம் போய் 12,000ஐ 6,000 ஆக்கி, காலத்தை நீட்டித் தரச் சொல்லுங்கள். புதிதாக ஒரு ஓடு, ஒரு மூடை சீமெந்து கூடக் கடனுக்கு எடுக்காதீர்கள். தங்கச்சியையும் அவருக்குப் பேசியிருக்கும் மாப்பிள்ளை வீட்டாரையும் உட்கார வைத்து, இரண்டு அறையும் குசினியும் இந்த வருடம், விறாந்தை பிறகு என்று நேரே சொல்லுங்கள். அதற்கே முகம் சுளிக்கிறார்கள் என்றால் மார்பிள் பதித்த விறாந்தையும் அவர்களுக்குப் போதாது.

6,000 குறைந்தால் ஓவர்டைம் இல்லாத மாதத்திலும் 2,000 மிஞ்சும். அப்புறம் வருகிற ஓவர்டைம் 22,000ஐயும் தனிச் சேமிப்புப் புத்தகத்தில் போடுங்கள். ஐந்து மாதத்தில் 1,10,000. வீட்டுச் செலவுக்கு இரண்டு மாதத்துக்கு மேல் காணும். அந்தக் காசுக்கு ஒரே வேலைதான்: காய்ச்சல் வந்தால் வீட்டில் படுப்பது. அது சேரும்வரை முதலீடு, காப்புறுதி முகவர், பிள்ளைகளின் கல்வித் திட்டம் எதையும் வீட்டுக்குள் விடாதீர்கள்.

மூச்சு வாங்குவதை நாலு வருடத்துக்கு மேல் சும்மா விட்டிருக்கிறீர்கள், அதுதான் எனக்குக் கோபம். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குப் போய்ச் சுவாசப்பையைச் சோதியுங்கள், அரச வைத்தியசாலையில் அதற்குக் காசு கட்டத் தேவையில்லை. சோதனை அறிக்கைகளின் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். எந்தத் திகதியில் எந்தத் தீக்குப் போனீர்கள், எப்போது குளோரின் தெளித்தீர்கள், எப்போது தனிமைப்படுத்தப்பட்டீர்கள் என்று நினைவில் இருப்பதை ஒரு கொப்பியில் எழுதுங்கள். சம்பளச் சிட்டையில் அக்ரஹார என்கிற அரச ஊழியர் மருத்துவக் காப்புறுதிக்குக் கழிவு போகிறதா என்றும் பாருங்கள். போனால் எந்தச் செலவுக்கு எவ்வளவு தருகிறார்கள் என்று நிர்வாகக் கிளையில் கேளுங்கள். 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்தில் தொழிலால் வரும் நோய்களுக்கும் இடம் இருக்கிறது. உங்களுக்கு அது பொருந்துமா என்று தொழிற்சங்கத்திடம் விசாரியுங்கள். கையில் அந்தக் கொப்பி இருந்தால்தான் அந்தக் கதையைத் தொடங்கவே முடியும்.

ஆரத்தின் ரசீது எந்த மாதம் முடிகிறது என்று நீங்கள் எழுதவில்லை. அந்தத் திகதிக்கு முன் மீட்டுவிடுங்கள், மறுபடி புதுப்பிக்க வேண்டாம்.