போரா காற்றுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது? உண்மையிலேயே ஆளைத் தள்ளிவிடுமா?

தள்ளிவிடும். நானே விழுந்திருக்கிறேன்.

இத்தாலியின் வடகிழக்கு மூலையில், ஏட்ரியாட்டிக் கடலோரம் திரியெஸ்தே என்ற ஊர். அங்கே வீசும் பலத்த குளிர்காற்றுதான் போரா. 1964-இல் அப்துஸ் சலாம் தொடங்கிய இயற்பியல் ஆய்வு மையம் அங்கேதான் இருக்கிறது. அதன் புண்ணியத்தில் ஒரு குளிர்காலம் அந்த ஊரில் கழித்தேன்.

முதலில் பெயர். கிரேக்கர்களின் வடகாற்றுக் கடவுள் போரியாஸ். அதிலிருந்துதான் போரா என்பார்கள். அரோரா போரியாலிஸ் என்கிற வடதுருவ ஒளியின் பெயரிலும் அவரே இருக்கிறார். எல்லை தாண்டி ஸ்லோவேனியாவுக்குள் போனால் புர்யா, குரோவேஷியாவில் பூரா. வேடிக்கை என்னவென்றால், பெயரில்தான் வடக்கு. திரியெஸ்தேவில் அது கிழக்கும் வடகிழக்குமாகத்தான் வீசுகிறது. நம் வாடையும் அப்படித்தானே!

ஊரின் முதுகில் கார்சோ என்ற சுண்ணாம்புக்கல் பீடபூமி, அதற்கும் அப்பால் மலைகள். உள்நாட்டில் தேங்கிக் கனத்த குளிர்காற்று, மலைத்தொடர் தாழ்ந்திருக்கும் இடத்தில் வழிந்து, சரிவில் கடலை நோக்கிக் கொட்டும். ஒரே சீராக வீசினால் சாய்ந்து நடக்கப் பழகிவிடலாம். இது விட்டு விட்டு அடிக்கும். அந்த வீச்சுகளுக்கு உள்ளூரில் ரெஃபோலி என்று பெயர். பெரிய போராவில் அவை மணிக்கு 150 கிலோமீட்டரையும் தாண்டும். காற்றின் மேல் பாரத்தைப் போட்டு நடந்துகொண்டிருப்போம், சட்டென்று அது விலகிக்கொள்ளும். நான் விழுந்தது அப்படித்தான். அந்தக் காலத்தில் மக்கள் பிடித்து நடக்கத் தெருவோரம் கயிறு கட்டுவார்களாம்.

வானம் பளிச்சென்று இருந்தால் போரா கியாரா. மேகமும் மழையும் பனியுமாக வந்தால் போரா ஸ்கூரா. இரண்டாவதில் வெளியே போகாமல் இருப்பது உத்தமம்.

இந்தக் காற்று ஒரு போரையே முடித்து வைத்ததாகவும் சொல்வார்கள். கி.பி. 394-இல், இன்றைய ஸ்லோவேனியாவின் விப்பாவா பள்ளத்தாக்குப் பக்கம், ரோமப் பேரரசர் தியோடோசியஸுக்கும் போட்டிப் பேரரசர் யூஜீனியஸுக்கும் சண்டை. யூஜீனியஸின் ஆட்கள் விட்ட அம்புகளைக் காற்று அவர்கள் பக்கமே திருப்பி அடித்தது என்று பழைய கிறிஸ்தவ ஆசிரியர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். அம்பு திரும்பியதோ இல்லையோ, ஜெயித்தது தியோடோசியஸ். அந்தப் பள்ளத்தாக்கில் இன்றும் ஓடு பறக்காமலிருக்கக் கூரை மேல் கல் வைத்த வீடுகள் உண்டு.

அப்புறம், குளிர்காலத்தில் போவதாக இருந்தால் குடை எடுத்துப் போகாதீர்கள். என்னுடையது முதல் நாளே கம்பியும் துணியும் தனித்தனியாகிக் குப்பைத்தொட்டிக்குப் போனது. உள்ளே ஏற்கெனவே நான்கைந்து குடைகள் கிடந்தன.