பெர்ட் சட்க்ளிஃபின் அந்த 80

தோற்றுப்போன மேட்ச்சில் ஆடிய இன்னிங்ஸ்களில் மறக்கவே முடியாதது எது என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு யோசிக்கவே வேண்டாம். 1953 டிசம்பர் 26, ஜோகன்னஸ்பர்க் எல்லிஸ் பார்க்கில் நியூசிலாந்தின் பெர்ட் சட்க்ளிஃப் அடித்த 80 நாட் அவுட். சதம்கூட இல்லை.

சட்க்ளிஃப் இடக்கை ஆட்டக்காரர், ஊரில் ஒடாகோ அணிக்காக 355, 385 என்றெல்லாம் குவித்தவர். ஹெல்மெட் இல்லாத காலம், அன்றைக்குப் பிட்சில் பந்து எகிறிக்கொண்டிருந்தது, தென்னாப்பிரிக்காவின் நீல் அட்காக் போட்ட பந்து அவர் காதில் பட்டு அப்படியே சுருண்டு விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரியிலும் மயக்கம். அப்புறம் ஸ்கோர் 81க்கு 6 என்று கிடந்தபோது தலையைச் சுற்றிக் கட்டுப் போட்டுக்கொண்டு திரும்ப வந்து, சிக்ஸர் சிக்ஸராகத் தூக்க ஆரம்பித்தார். மொத்தம் 7.

154இல் ஒன்பதாவது விக்கெட் விழுந்ததும் இன்னிங்ஸ் முடிந்தது என்று எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். ஏனென்றால் கடைசி ஆள் பாப் பிளேர் வரமாட்டார். டிசம்பர் 24 இரவு நியூசிலாந்தில் டாங்கிவாய் என்ற இடத்தில் ரயில் பாலம் வெள்ளத்தில் போய், ரயில் ஆற்றுக்குள் விழுந்து 151 பேர் இறந்தார்கள், அதில் பிளேர் கட்டிக்கொள்ள இருந்த பெண்ணும் ஒருத்தி. அவரை ஹோட்டலிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்கள். ஆனால் அவர் மட்டையோடு இறங்கி வந்தார். மைதானமே எழுந்து சத்தமில்லாமல் நின்றது. கையுறையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நடந்தவரைச் சட்க்ளிஃப் எதிரே போய்த் தோளில் கைபோட்டு அழைத்து வந்தார்.

தென்னாப்பிரிக்க ஸ்பின்னர் டேஃபீல்ட் போட்ட ஓவரில் சட்க்ளிஃப் மூன்று சிக்ஸர், பிளேர் ஒன்று. இதை யாரிடம் சொன்னாலும் பிளேரின் அந்த ஒரு சிக்ஸருக்கு வரும்போது எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். பத்து நிமிஷத்தில் 33 ரன் சேர்த்தார்கள், பிளேர் ஸ்டம்பிங் ஆனார், 187 ஆல் அவுட். மேட்ச்சில் 132 ரன்னில் தோல்வி.

சட்க்ளிஃப் 42 டெஸ்டில் 5 சதம், சராசரி 40. டெல்லியில் நம்மை எதிர்த்து 230 நாட் அவுட் அடித்தார். அதே தொடரில், 1956 ஜனவரியில், மெட்ராஸ் கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில் நம் தொடக்க ஆட்டக்காரர்கள் மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 சேர்த்தபோது ஃபீல்டிங் செய்த அணியிலும் இருந்தார். அதே வருஷம் மார்ச்சில் ஆக்லாந்தில், வெஸ்ட் இண்டீஸை வீழ்த்தி நியூசிலாந்து தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பார்த்தது. உடம்பு சரியில்லாமல் அந்த மேட்ச்சில் சட்க்ளிஃப் ஆடவில்லை. 1965 வரை ஆடினார், அவர் ஆடிய ஒரு டெஸ்டில்கூட நியூசிலாந்து ஜெயிக்கவில்லை.