24 சாரணியரை மூன்று நாள் நீலகிரிக்கு அழைத்துப்போவது எப்படி?

கேள்வி: அரசு உதவி பெறும் பள்ளியில் கைடு கேப்டனாக இருக்கிறேன். எட்டாம், ஒன்பதாம் வகுப்பு சாரணியர் 24 பேரை மூன்று நாள் கல்விப் பயணமாக ஊட்டிக்கு அழைத்துப்போக ஆசை. ஏரி, ரோஜாப் பூங்கா, பைக்காரா, தொட்டபெட்டா, சிம்ஸ் பூங்கா என்று ஒன்பது இடம் எழுதி வைத்திருக்கிறேன். பெண் பிள்ளைகள் என்பதால் நிர்வாகமும் பெற்றோரும் யோசிக்கிறார்கள். எப்படித் திட்டமிடுவது?

பதில்:

ஒன்பதில் ஆறை அடித்துவிடுங்கள், டீச்சர். 24 பேர் இறங்கி, கழிப்பறை போய், எண்ணிப் பார்த்துத் திரும்ப ஏறவே ஓர் இடத்துக்கு அரை மணி நேரம் போய்விடும். பைக்காரா ஒரு திசை, சிம்ஸ் பூங்கா இருக்கும் குன்னூர் எதிர்த் திசை. உங்கள் பட்டியலை வைத்துக்கொண்டு போனால் பிள்ளைகள் பார்க்கப்போவது பஸ் ஜன்னலைத்தான்.

முதலில் மாதம். மே மாதக் கூட்டத்தில் போகவே வேண்டாம். காலாண்டு விடுமுறை மழையில் மாட்டும், மண்சரிவு வந்தால் பாதை மூடுவார்கள். அரையாண்டு விடுமுறையில் வானம் தெளிவாக இருந்தாலும் உறைபனி. ஜனவரிக் கடைசியிலிருந்து மார்ச் தொடக்கம் வரை நல்லது. எட்டு, ஒன்பது என்பதால் பொதுத்தேர்வுத் தொல்லையும் உங்களுக்கு இல்லை.

வாடகை வண்டி என்றால் நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் வேண்டும், 2024 மே 7 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் வண்டி எண் இருக்கும். கடைசி நேரத்தில் டிராவல்ஸ்காரர் வேறு வண்டியை அனுப்பினால் சோதனைச் சாவடியில் நிற்பது நீங்கள்தான். எண்ணை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலையும் சாவடியிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில் போதும்.

ஆறு பேராக நான்கு பேட்ரோல், அதாவது சிறு குழுக்கள், பிரியுங்கள். காரணம் இருக்கிறது: ஐ.ஆர்.சி.டி.சி.யில் ஒரு டிக்கெட்டில் ஆறு பெயர்தான் ஏறும். ஒரு பேட்ரோலுக்கு ஒரு டிக்கெட் என்றால் குழு சிதறாது. மேட்டுப்பாளையத்தில் காலை 7.10க்குப் புறப்படும் மலை ரயிலில் குன்னூர் வரை எடுத்தால் போதும், ஊட்டி வரை கிடைக்கவில்லையே என்று வருந்த வேண்டாம். பல்சக்கரப் பாதை கல்லாறிலிருந்து குன்னூர் வரைதான். அதிகபட்ச ஏற்றம் 12.28 மீட்டருக்கு ஒரு மீட்டர். நீராவி எஞ்சின் முன்னால் இழுக்காமல் பின்னாலிருந்து தள்ளும். ஏன் என்று பிள்ளைகளையே யோசிக்கச் சொல்லுங்கள். இறங்கி நின்று பார்த்தால் தண்டவாளங்களுக்கு நடுவே பல்தண்டவாளம் தெரியும். மூட்டை முடிச்சோடு வண்டி சாலை வழியே வெறுமனே ஏறி குன்னூரில் காத்திருக்கட்டும். பெட்டியில் கழிப்பறை இல்லை என்றே வைத்துத் திட்டமிடுங்கள், ஏறுமுன் எல்லோரும் போய்வர வேண்டும். காலையில் இட்லி மட்டும். பூரி, வடை கொடுத்தால் கொண்டை ஊசி வளைவில் பலன் தெரியும்.

இரண்டாம் நாள் முழுவதையும் முத்தொரை பாலாடாவுக்குக் கொடுங்கள். ஊட்டிக்குப் போகும் பள்ளிகளில் பத்துக்கு ஒன்றுகூட அந்தப் பக்கம் திரும்புவதில்லை என்பது என் ஆற்றாமை. அங்கே டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது: 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 1970இல் இயங்கத் தொடங்கியது. ஊட்டியின் அட்சரேகை ஏறக்குறைய 11.4 டிகிரி. அதே சாய்வுள்ள மலைச்சரிவைத் தேடிப்பிடித்துக் கட்டியதால், அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிட்டது. ஒரே அச்சில் சுழற்றி ஒரு வான்பொருளை ஒன்பதரை மணி நேரம் தொடரலாம். முன்கூட்டியே கடிதம் எழுதி அனுமதி பெறுங்கள். வளாகத்துக்குள் செல்போனை அணைத்துவிட வேண்டும்.

பாகைமானி, நூல், ஒரு கல் எடுத்துப்போங்கள். பாகைமானியின் மையத்தில் நூலில் கல்லைத் தொங்கவிட்டால் சரிவுமானி தயார். பகலில் தொலைநோக்கி நிற்கும் மலைச்சரிவை அளக்கட்டும். இரவில் வடக்கு அடிவானம் மறைக்காத இடத்தில் நின்று அதே கருவியால் துருவ நட்சத்திரத்தின் உயரக் கோணத்தை அளக்கட்டும், அது ஏறக்குறைய ஊரின் அட்சரேகைதான் என்பதால் அதுவும் 11 டிகிரியை ஒட்டித்தான் வரும். 15 வந்தால் கை நடுங்கியிருக்கிறது, மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள். தங்குமிடத்து வளாகத்தைத் தாண்டி இதற்காகப் போகாதீர்கள். இருட்டியதும் காட்டெருமை தேயிலைத் தோட்டத்திலிருந்து சாலைக்கு வரும்.

பாலாடாவிலேயே பழங்குடியினர் ஆய்வு மையத்தின் அருங்காட்சியகமும் இருக்கிறது. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் பற்றி அங்கே பார்த்துவிட்டு, பிறகு தோடர் மந்துக்கு, அதாவது அவர்கள் குடியிருப்புக்கு, போகலாமா என்று முடிவெடுங்கள். போனால் கேட்டுக்கொண்டு போங்கள், கோயிலை நெருங்கக் கூடாது. அங்கே பெண்களுக்கு அனுமதியில்லை என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். பிள்ளைகள் ஏன் என்று கேட்பார்கள். கேட்கட்டும், வாயை அடைக்காதீர்கள்.

சமையல் நீங்களே செய்வதாக இருந்தால் ஒரு விஷயம். ஊட்டி உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு மணிக்கணக்கில் கொதித்தாலும் நறுக்கென்றே நிற்கும். பெரிய குக்கர் வேண்டும், வழக்கத்தைவிட இரண்டு விசில் கூடுதல். குக்கர் இல்லையென்றால் பாசிப்பருப்பு. அரிசியை அரை மணி நேரம் ஊறவையுங்கள். குளிரில் பசி கூடும், வேளைக்கு ஆளுக்கு 125 கிராம், 24 பேருக்கு மூன்று கிலோ.

தூங்கும்போது குளிர் தரையிலிருந்துதான் ஏறும். பாய்க்கு அடியில் நான்கைந்து அடுக்கு செய்தித்தாள் விரியுங்கள். பகலில் வியர்த்த உடையோடு படுத்தால் எத்தனை கம்பளி போட்டாலும் நடுங்கும், மாற்றச் சொல்லுங்கள். மாதவிலக்கு தேதி பயணத்தில் முன்பின் ஆகும். தேதி எதுவானாலும் ஒவ்வொருவர் பையிலும் நாப்கின் இருக்கட்டும், உங்களிடம் தனியாக 30, சுற்றிப்போடப் பழைய தாள், மூடியுள்ள வாளி. இதை மற்ற பொருள்களோடு சேர்த்தே வாசியுங்கள், காதில் கிசுகிசுக்க வேண்டாம்.

'இத்தனை பாடு எதற்கு, பூங்காவைக் காட்டிக் கூட்டிவந்தால் போதாதா' என்பவர்கள் இங்கே வருவார்கள் என்று தெரியும். பாதுகாப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. பெண் பொறுப்பாளர்கள் நான்கு பேராவது வேண்டும், பள்ளிக் கல்வித் துறை, மாவட்ட சாரணியர் ஆணையர் அனுமதி, பெற்றோர் கையொப்பம், ஒவ்வாமை, மாத்திரை விவரம் எல்லாம் வேண்டும். ஆனால் ஒரே மாவட்டத்தில் சாரணர்கள் என்றால் கூடாரமும் கயிறும், சாரணியர் என்றால் வரவேற்புக் கோலமும் குழுப் பாடலும் என்று ஒதுக்குகிறார்களே, அதற்குப் பெயர் பாதுகாப்பா? டிரைவர் கமிஷனுக்காக நிறுத்தும் சாக்லேட் கடையில் முக்கால் மணி நேரம் நிற்கலாம், சரிவுமானியோடு நின்றால் மட்டும் ஆபத்தாம்.

மூன்றாம் நாள் கோத்தகிரி வழியாக இறங்குங்கள். கன்னேரிமுக்கில் அன்றைய கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819இல் கட்டிய பெத்தக்கல் பங்களா இருக்கிறது, ஒரு மணி நேரம் போதும். கோத்தகிரியில் பன்னிரண்டரைக்குச் சாப்பாடு, தயிர்சாதம் அளவாக. முக்கால் மணி நேரம் உட்காரவைத்துவிட்டு வண்டியை எடுங்கள். குமட்டும் பிள்ளைகள் முன் இருக்கையில், பின் இருக்கையில் பொறுப்பாளர்கள். ஊர் சேரும் நேரத்தை வீட்டாருக்கு ஒரு மணி நேரம் தள்ளியே சொல்லுங்கள்.