எனக்க அம்மை

மதிப்பிற்குரிய ஐயா,

குலசேகரம் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் தமிழ் ஆசிரியையாக இருக்கிறேன். அப்பா ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. நாலு வருடமாக எழுதுகிறேன். ஏழு கதை தொடங்கியதில் முடிந்தது இரண்டு. ஒன்றைப் பத்திரிகைக்கு அனுப்பினேன். 'வட்டார வழக்கு புரியவில்லை, குறைத்துக்கொள்ளுங்கள்' என்று திரும்பி வந்தது. இன்னொன்று அத்தை கண்ணில் பட்டுவிட்டது. பெயரையும் ஊரையும் மாற்றித்தான் எழுதியிருந்தேன். பலாமரத்துக்காக எல்லைச் சண்டை போடுகிறவளாகத் தன்னைத்தான் எழுதியிருக்கிறேன் என்று என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார். பாதியில் நிற்கும் கதை ஒன்றை இணைத்திருக்கிறேன். வீட்டு வேலை, பள்ளி, திருத்த வேண்டிய நோட்டுகள் போக எழுத நேரமும் கிடைப்பதில்லை. வழக்கில் எழுதுவதா, வேண்டாமா? சொந்தக்காரர்களை எழுதலாமா? தொடங்கியதை எப்படி முடிப்பது?

ர.

அன்புள்ள ர.,

வழக்கைப் பற்றிக் கேட்டதும் என் பழைய கதை ஒன்றுக்கு நேர்ந்தது ஞாபகம் வந்தது. நாகர்கோவிலில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் சின்னப் பையன். ஞாயிற்றுக்கிழமை. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தவன், "எனக்க அம்மை வந்தாச்சு!" என்று கத்திக்கொண்டு கேட்டுக்கு ஓடுகிறான். இதற்கு உங்களுக்கு உரை தேவையில்லை. பிழை திருத்தியவருக்குத் தேவைப்பட்டிருக்கிறது. 'என்னுடைய' என்பதற்கு நாம் சொல்லும் 'எனக்க' எழுத்துப்பிழை என்று நினைத்து, கடைசி எழுத்துக்கு ஒரு சுழி போட்டு 'எனக்கு' ஆக்கிவிட்டார். அச்சில் வந்தது: "எனக்கு அம்மை வந்தாச்சு!" அம்மை கண்ட பையன் கும்மாளமாக வாசலுக்கு ஓடுகிறான். சேலத்து வாசகர் ஒருவர், வேப்பிலைகூட வைக்காமல் பிள்ளையை வெளியே விடுகிற ஹாஸ்டல் என்ன ஹாஸ்டல் என்று கார்டு போட்டிருந்தார்.

அந்தப் பிழைதிருத்துநரை ஒரு வருடம் திட்டித் தீர்த்தேன். தொகுப்புக்காகக் கதையைத் திரும்ப எடுத்தபோதுதான் உறைத்தது: அந்தப் பக்கத்தில் அம்மாவே இல்லை. பையன் கத்துகிறான், ஓடுகிறான், அவ்வளவுதான். அவர் இடத்தில் நான் இருந்தாலும் சுழி போட்டிருப்பேன். கத்தலுக்கு முன்னால் ஒரு வரி சேர்த்தேன். கையில் தூக்குவாளியோடு, வெயிலுக்கு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, கேட்டை இழுப்பதா தள்ளுவதா என்று தெரியாமல் ஒருத்தி நிற்கிறாள். அதற்குப் பிறகு 'எனக்க அம்மை' எந்த ஊர்க்காரரையும் தடுக்கவில்லை. அடிக்குறிப்பும் போடவில்லை.

உங்கள் கதையில் வழக்கு அதிகம் என்று எனக்குத் தோன்றவில்லை. அது இருக்கும் இடம்தான் சரியில்லை. சாயா, சக்கை, மரச்சீனி என்று வரிக்கு ஒரு பெயர்ச்சொல் தூவியிருக்கிறீர்கள். மிக்சர் பொட்டலத்தில் கடலை மாதிரி. ஆட்கள் வாயைத் திறந்தால் மட்டும் டி.வி. சீரியல் தமிழ். நம் பேச்சு வாக்கியம் முடியும் இடத்தில் அல்லவா இருக்கிறது? "அது நானாக்கும்" என்கிறவனும் "அது நான்தான்" என்கிறவனும் ஒரே ஆள் இல்லை. முதல் ஆள் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திவிட்டான்.

இன்னொன்று. குமரி மாவட்டத்துப் பேச்சு என்று ஒன்று கிடையாது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்று நாலு தாலுகாக்கள் திருவிதாங்கூரிலிருந்து வந்து 1956 நவம்பர் 1-ல் ஒரே மாவட்டமானது நிர்வாகத்துக்காக. நாக்கு அதற்குக் கட்டுப்படவில்லை. உங்கள் கதையில் தோவாளைப் பூக்காரக் குடும்பத்துப் பெண் குலசேகரத்தில் வாழ்க்கைப்பட்டு வருகிறாள், வந்த அன்றே மாமியார் மாதிரி பேசுகிறாள். என் மனைவிக்கும் தோவாளைப் பக்கம்தான். எங்கள் வீட்டில் அம்மை "வெள்ளம்" என்பார், இவள் "தண்ணி" என்பாள். ஒரு நாள் அடுக்களையிலிருந்து "வெள்ளம் வேணுமா?" என்று குரல் வந்தது. அம்மை என்று நினைத்துப் பதில் சொன்னேன். எட்டிப் பார்த்தால் இவள். கல்யாணமாகி ஆறு வருடம் ஆகியிருந்தது. அந்த ஆறு வருடத்தை நான் இன்னும் எழுதவில்லை. வேண்டுமானால் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

அத்தை விஷயம். பெயரை மாற்றினேன், ஊரை மாற்றினேன் என்கிறீர்கள். பெயரை வைத்து யாரும் தன்னைக் கண்டுபிடிப்பதில்லை. தொழிலை மாற்றிப் பாருங்கள். எல்லையில் நிற்கும் பலாமரத்துக்காக அதிகாலையில் சண்டை போடுகிற அத்தையை முட்டத்தில் மீன் விற்கிறவராக ஆக்கினால், அந்த நேரத்தில் அவர் கடற்கரையில் ஏலத்தில் நிற்பார். சண்டையின் நேரம் மாறும், காரணம் மாறும், அத்தை தானாக மறைந்துவிடுவார். மிஞ்சுவது அந்தப் பிடிவாதம் மட்டும். அது அத்தைக்கு மட்டும் சொந்தமில்லை. அதற்காக இப்போதே சமாதானம் பேசப் போகாதீர்கள். பலாச்சக்கை பழுக்கும் காலத்தில் அவரே பேசுவார்.

நேரத்தைப் பற்றி உபதேசம் செய்ய எனக்கு அருகதை இல்லை. முப்பது வருடம் ஆபீஸ் போய்க்கொண்டே எழுதினேன் என்று மேடையில் சொல்வேன். டீ போட்டதும் பிள்ளைகளைக் குளிப்பாட்டியதும் நானில்லை என்பதைச் சொல்வதில்லை.

இனி நின்றுபோன கதை. கணவனுக்கும் மனைவிக்கும் காலையில் சண்டை. வெளியே மழை கொட்டுகிறது. அவன் கோபத்தில் கத்தியை எடுத்துக்கொண்டு பால் வெட்டப் போகிறான். அங்கே நிற்கிறது. நிற்காமல் என்ன செய்யும்? பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டின சாலில் இறங்காது, மரமெல்லாம் வழியும். சிரட்டையில் மழைத்தண்ணீர் விழுந்தால் வந்த பாலும் போச்சு. மரத்துக்குப் பிளாஸ்டிக் கட்டியிருந்தாலும் கொட்டுகிற மழையில் யாரும் வெட்டுவதில்லை. பால்வெட்டுக்காரர் மகளே இப்படி எழுதலாமா? சினிமாவில் கோபம் வந்தால் மழையில் இறங்கி நடப்பார்கள். அந்த நடைதான் உங்கள் கதைக்குள் வந்துவிட்டது. ஒரு கதை நகராமல் நின்றால் நான் அடுத்த வரியை யோசிப்பதில்லை. முந்தின பக்கத்தில் எங்கே பொய் சொன்னேன் என்று தேடுவேன்.

இங்கே உண்மை அதைவிட நல்ல கதை. நமக்கு ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை. வெட்டு இல்லாத நாளில் கூலி இல்லை. விடியுமுன் தோட்டத்துக்குப் போய்ப் பழகின ஆள் அந்த நேரத்துக்கு முழித்துக்கொண்டு, போக இடமில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். சண்டை வருவதே அதனால்தானே? அவரை மழையில் அனுப்பாதீர்கள். உள்ளேயே உட்கார வையுங்கள்.

மழை விட்டதும் வேண்டுமானால் அனுப்பலாம். அப்போதும் ஒரு விஷயம் இருக்கிறது. ஒரு வெட்டுக்குச் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் பட்டைதான் சீவலாம். கத்தி உள்ளே தடியில் பட்டால் மரத்துக்குக் காயம், அந்த இடத்தில் பட்டை சரியாக வளராது. இடதுபக்கம் மேலே தொடங்கி வலதுபக்கம் கீழே சரிகிற அந்த ஒரு கோடு, சண்டை போட்டுவிட்டு வந்த கையில் எப்படி வரும்? எனக்குத் தெரிந்தது இரண்டு நாள் ஒருவர் பின்னால் டார்ச் பிடித்துக்கொண்டு நடந்தது மட்டும். உங்கள் வீட்டில் அந்தக் கையே இருக்கிறது.

அப்பாவிடம் கேளுங்கள். கதைக்காக என்று சொல்லாதீர்கள், உஷாராகிவிடுவார். மழை நாளில் கத்தியை எங்கே வைப்பார், எடுத்துப் பார்ப்பாரா, வெட்டில்லாத நாளிலும் தீட்டுவாரா? ஒரு மழைக் காலையில் சாயா கொடுக்கும்போது கேட்டு எனக்கும் எழுதுங்கள். பட்டை காய்ந்துவிட்டால் தோட்டத்துக்குப் போய்விடுவார்.