கேளுங்க, சொல்றோம்: காலில் பொன், கழுத்தில் காப்பு

கே: மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டில் தங்கக் கொலுசு கேட்கிறார்கள். தங்கம் மகாலட்சுமி, காலில் போட்டால் குடும்பம் விளங்காது என்று என் அத்தை ஒரே பிடிவாதம். முன்னோர் யாருமே போட்டதில்லையா?
— வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

ப: போட்டிருக்கிறார்கள் அம்மா. பாண்டியன் அவையில் கண்ணகி வழக்காடியதே தன் பொற்சிலம்பை வைத்துத்தான். உள்ளே மாணிக்கப் பரல். (அதனால்தான் அந்தக் குடும்பம் அப்படி ஆயிற்று என்று அத்தை திருப்பி அடிக்கலாம், தயாராக இருங்கள்.) தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் இராசராசன் கொடுத்த நகைகளைக் கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்று எடையோடு வெட்டி வைத்திருக்கிறார்கள், அதில் சாமி காலுக்கான திருவடிக்காறையும் உண்டு. சாமி காலுக்கு ஆகும், நம் காலுக்கு ஆகாது என்பது மரியாதைக் கணக்கு, அத்தையின் பேச்சில் அதுவும் இருக்கிறது.

சங்க காலத்தில் பெரிய விஷயமாக இருந்தது சிலம்பைக் கழற்றுவதுதான். சின்ன வயதிலிருந்து போட்டிருந்த சிலம்பை, கல்யாணத்துக்கு முன்னால் சிலம்புகழி நோன்பு என்று ஒரு சடங்கு நடத்தி எடுப்பார்கள். காதலனோடு போய்விட்ட பெண்ணின் தாய் ஒருத்தி, சிலம்பு கழிப்பதை உங்கள் வீட்டில் செய்தாலும் சரி, கல்யாணத்தை மட்டும் எங்கள் வீட்டில் வையுங்கள் என்று கேட்பதாக ஐங்குறுநூற்றில் ஒரு பாட்டு. இன்றைக்குக் கொலுசும் மெட்டியும் போட்டுத்தான் பெண்ணை அனுப்புகிறோம், எல்லாம் தலைகீழ்.

அப்புறம் இன்னொன்று. மாப்பிள்ளை வீட்டார் கேட்பது சாஸ்திரம் இல்லை, பவுன். அதை முதலில் பேசி முடியுங்கள்.

கே: பேரனுக்கு ஐம்படைத் தாலி போட ஆசை. நாங்கள் சைவர்கள், போடலாமா? ஆண் பிள்ளைக்குத் தாலியா என்று வேறு சிரிக்கிறார்கள்.
— வாசகர், வில்லியனூர்

ப: சிரிப்பவர்களிடம் புறநானூற்றைக் காட்டுங்கள். பாண்டியன் நெடுஞ்செழியன் எவ்வளவு சின்ன வயதில் போருக்குப் போனான் என்று சொல்ல வந்த இடைக்குன்றூர் கிழார், அவன் தாலிகூட இன்னும் கழற்றவில்லை, இன்றைக்குத்தான் பால் விட்டுச் சோறு தின்றான் என்கிறார். அங்கே தாலி என்பது பிள்ளையைக் காக்கும் காப்பு. ஐம்படைத் தாலியில் இருக்கும் சங்கு, சக்கரம், கதை, வாள், வில் ஐந்தும் திருமாலின் ஆயுதங்கள்தான், அதற்காக ஒரு தாத்தா தயங்க வேண்டுமா என்ன! கூர் முனை இல்லாமல் செய்யச் சொல்லுங்கள், தூங்கும்போது கழற்றிவிடுங்கள்.

கே: நம்ம புதுச்சேரிப் பக்கம் பழங்காலத் தங்க நகை கிடைத்திருக்கிறதா?
— கல்லூரி மாணவி, அரியாங்குப்பம்

ப: உங்கள் ஊர் அரிக்கமேட்டுக்குப் பேர் வாங்கித் தந்தது கண்ணாடி மணியும் கல்மணியும். தங்கத்துக்குச் சுத்துக்கேணி. அங்கே பெருங்கற்கால ஈமக்குழிகளில் கிடைத்த பொன் நகைகள் இப்போது பாரிஸில் கிமே அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. தெற்கே ஆதிச்சநல்லூரிலும் தொல்லியல் ஆய்வாளர் அலெக்சாண்டர் ரீ தோண்டியபோது ஈமத் தாழிகளோடு மெல்லிய தங்க நெற்றிப்பட்டங்கள் வந்தன. செத்தவருக்குப் பொன்னைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள், நாம் நெற்றிக்காசோடு நிறுத்திக்கொள்கிறோம். பாரிஸ் போக முடியாவிட்டால் புதுவை அருங்காட்சியகத்தில் அரிக்கமேட்டு மணிகளையாவது ஒரு நடை போய்ப் பாருங்கள்.