சாம்பல் நிறத் தாளில் சார்கோல் (ஓவியக் கரி) கொண்டு முகம் வரையும்போது வெள்ளை ஏன் அழுக்காகிவிடுகிறது?

நிழல் எல்லாம் நன்றாக வந்தபின் வெள்ளைப் பென்சிலைத் தொட்டதும் முகம் மாவு அப்பியதுபோல ஆகிவிடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பென்சிலில் குறை இல்லை. கரித்தூள் இருக்கும் இடத்தின் மேலேயே வெள்ளையைத் தேய்க்கிறீர்கள், இரண்டும் கலந்தால் நீலம் பாய்ந்த ஒரு சாம்பல் நிறம்தான் வரும். பழுப்புத் தாளாக இருந்தால் இன்னும் மோசம், அந்த நீலச் சாயல் தாளோடு ஒட்டாமல் தனியாகத் தெரியும்.

என் பாட்டியின் முகத்தை முதன்முதலில் வரைந்தபோது எனக்கும் இதேதான் நடந்தது. வெள்ளைத் தாளில் பழகிய கை, கன்னம் முழுக்க மெல்லியதாகக் கரியைப் பூசி விரலால் தேய்த்துவிட்டு, அதன் மேல் கன்ன எலும்பின் ஒளிக்காக வெள்ளையைப் போட்டேன். எவ்வளவு அழுத்தினாலும் ஒளி வரவே இல்லை. ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது, கன்னத்தில் பாதி இடத்தை நான் தொட்டிருக்கவே கூடாது, ஒளிக்கும் நிழலுக்கும் இடைப்பட்ட அந்த நடுநிறம் தாளிலேயே இருக்கிறது.

ஜெர்மன் ஓவியர் டியூரர் 1508-இல் நீலத் தாளில் வரைந்த கூப்பிய கைகளைப் பாருங்கள். அது தூரிகை வேலை, சார்கோல் இல்லை, ஆனால் முறை இதேதான்: நிழலுக்குக் கருமை, ஒளிக்கு வெள்ளை, இரண்டுக்கும் நடுவில் தாளின் நீலம்.

அதனால் தொடங்கும் முன் கண்ணை நன்றாகச் சுருக்கி முகத்தைப் பாருங்கள், எது நிழல், எது ஒளி, எது தாளுக்கு விட வேண்டியது என்று மூன்றாகப் பிரியும். வில்லோ மரக்குச்சியைக் கரியாக்கிச் செய்த கரித்துண்டால் நிழலை மட்டும் போடுங்கள், அது துணியால் தட்டினாலே போய்விடும், தப்பானால் பயமில்லை. அழுத்திச் செய்த சார்கோலில் பிசின் சேர்ந்திருக்கும், சுலபத்தில் அழியாது, அதைக் கண்மணி, மூக்குத் துவாரம், உதடுகள் சேரும் கோடு இவற்றுக்குக் கடைசியில் எடுத்தால் போதும். வெள்ளை வரப்போகும் இடத்தில் தூள் படிந்திருந்தால் முதலில் பிசையும் ரப்பரால் (மாவு போலப் பிசைந்து வடிவம் மாற்றக்கூடிய அழிப்பான்) ஒற்றி எடுத்துவிடுங்கள், தேய்க்காதீர்கள்.

அப்புறம் கண். இங்கேதான் எல்லோரும் வெள்ளையை வாரி இறைக்கிறோம். கண்ணின் வெண்பகுதி உண்மையில் அவ்வளவு வெள்ளை இல்லை, மேல் இமையின் நிழல் அதன் மேல் விழுகிறது, உருண்டையாக இருப்பதால் ஓரங்களும் இருண்டுவிடும். அதைத் தாளாகவே விட்டு, மேலே மட்டும் கொஞ்சம் கரியை இழுத்துவிட்டு, கண்மணி ஓரத்தில் வெள்ளையால் ஒரே ஒரு புள்ளி, கீழ் இமையின் ஈர விளிம்பில் முடி அளவுக்கு ஒரு கோடு வைத்துப் பாருங்கள். அந்த நிமிடம் முகம் உங்களைத் திரும்பிப் பார்க்கும், எத்தனை முறை வரைந்தாலும் எனக்கு அது சலிப்பதே இல்லை.

நெற்றியும் மூக்கு நுனியும் அதே கணக்குதான். பளிச்சென்ற வெள்ளையை ஒரு இடத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை மெதுவாகப் போடுங்கள்.

ஃபிக்சேடிவ், அதாவது தூள் உதிராமல் பிடித்துவைக்கும் தெளிப்பான், அடிப்பதாக இருந்தால் கரி வேலை முடிந்ததும் மெல்லியதாக அடித்துக் காயவிடுங்கள், வெள்ளையை அதற்கு அப்புறம் வையுங்கள். வெள்ளையின் மேல் அடித்தால் அது மங்கிவிடும், சில சமயம் பாதி காணாமலே போய்விடும்.