ஆனெத் எண்ணெய்ப் பணம்: கணக்கை யாரிடம் கேட்பது?

கேள்வி: அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், சான் ஹுவான் கவுண்டியில் (மாவட்டம் போன்றது) பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும், நவாஹோ பூர்வகுடியைச் சேர்ந்த மாணவி ஒருத்தியின் பாட்டி என்னிடம், "எங்கள் நிலத்து எண்ணெயில் வரும் பணத்தை மாநில அரசு வைத்திருக்கிறதாமே, பேத்தியின் கல்லூரிச் செலவுக்கு அவள் பங்கைக் கேட்டு வாங்க முடியுமா? அந்தப் பணத்துக்கு யார் கணக்குப் பார்க்கிறார்கள்?" என்று கேட்டார். நான் எங்கிருந்து தொடங்குவது?

பதில்: பாட்டி கேள்விப்பட்டது உண்மைதான். அந்த நிதியின் பெயர் யூட்டா நவாஹோ டிரஸ்ட் ஃபண்ட். ஆனால் 'பங்கு' என்பதில் மட்டும் ஒரு திருத்தம் தேவை.

1933-ல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டத்தின் மூலம் யூட்டாவின் தென்கிழக்கு மூலையில் இருந்த ஆனெத் பகுதி உள்ளிட்ட நிலங்களை நவாஹோ ஒதுக்கீட்டு நிலத்தோடு சேர்த்தது. அங்கே எண்ணெயோ எரிவாயுவோ கிடைத்தால் நிகர ராயல்டியில் (எண்ணெய் எடுப்பவர்கள் நிலத்துக்காகத் தரும் உரிமைத்தொகையில்) 37.5 சதவீதத்தை யூட்டா மாநிலத்திடம் கொடுக்க வேண்டும், மாநிலம் அதை அந்த நிலங்களில் வசிக்கும் பூர்வகுடிகளின் நன்மைக்குச் செலவிட வேண்டும் என்று அதே சட்டம் சொன்னது. அதாவது 100 டாலர் ராயல்டி வந்தால் 62.50 டாலர் நவாஹோக்களின் சுயாட்சி அமைப்பான நவாஹோ நேஷன் அரசுக்கு, 37.50 டாலர் இந்த நிதிக்கு. 1956-ல் ஆனெத்தில் எண்ணெய் கிடைத்தது. காகிதத்தில் இருந்த அந்த விகிதம் பெரும் பணமாக மாறியது அப்போதுதான்.

1968-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். பயனாளிகள் யார் என்பது மாறியது: சான் ஹுவான் கவுண்டியில் வசிக்கும் நவாஹோக்கள் எல்லோரும். ஒதுக்கீட்டு நிலத்துக்கு வெளியே பிளாண்டிங் ஊருக்குள் இருப்பவர்களும் இதில் அடக்கம். செலவிட வேண்டிய நோக்கங்கள் மூன்று: உடல்நலம், கல்வி, பொதுநலம். ஆகவே இந்தப் பணம் ஆளுக்கு இவ்வளவு என்று பிரித்துக் கொடுக்கப்படுவதில்லை. பேத்திக்குத் தனிப்பங்கு என்று எதுவும் கிடையாது. ஆனால் கல்விக்கான உதவித்தொகைக்கு அவள் விண்ணப்பிக்கலாம். அது அவளுக்குத் திறந்திருக்கும் வழி. (ஆனெத் பக்கம் சில குடும்பங்களுக்குத் தங்கள் பெயரிலேயே தனியாக ஒதுக்கப்பட்ட நிலம் உண்டு. அந்த நிலத்தின் ராயல்டி மத்திய அரசு வழியாகத் தனியாக வரும். அந்தக் குடும்பம் அப்படிப்பட்டதா என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள். இரண்டையும் குழப்பிக்கொள்வது சகஜம்.)

இப்போது இரண்டாவது கேள்வி, யார் கணக்குப் பார்ப்பது? எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. அமெரிக்காவில் பூர்வகுடிகளின் பணத்துக்கு வழக்கமாக மத்திய அரசுதான் டிரஸ்டி. இங்கே ஒரு மாநில அரசு அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. அண்ணன் பிள்ளையின் வீட்டை வாடகைக்கு விட்டு வசூலிக்கும் சித்தப்பாவைப் போல நினைத்துக்கொள்ளுங்கள். பணம் அவர் கையில் இருக்கிறது, ஆனால் அது அவருடையதில்லை. "நல்லதுக்குத்தான் செலவு செய்தேன்" என்று சொன்னால் போதாது, ரசீது காட்ட வேண்டும். மாநிலம் கருவூலத்தில் வரிப்பணத்தை வைத்திருப்பதற்கும் இதை வைத்திருப்பதற்கும் சட்டத்தில் பெரிய வித்தியாசம் உண்டு.

அந்த ரசீதை வாங்கத்தான் யூட்டா நவாஹோக்கள் தலைமுறை தலைமுறையாகப் போராடினார்கள். 1961-லேயே, நிதியை நிர்வகித்த மாநில ஆணையத்தின் மீது வழக்குப் போட்டார்கள். பிறகு யூட்டா நவாஹோ டெவலப்மெண்ட் கவுன்சில் என்ற அமைப்பின் கைக்குப் பணம் போனது. 70-களில் அந்தச் செலவுகளைக் கேள்வி கேட்டும் வழக்குகள் வந்தன. 1991-ல் மாநிலச் சட்டமன்றத்தின் தணிக்கை அலுவலகமே நிதி மோசமாகக் கையாளப்பட்டதைப் பதிவு செய்தது. அடுத்த ஆண்டே பயனாளிகள் கூட்டு வழக்குத் தொடர்ந்தார்கள். கேட்டது ஒன்றுதான்: இத்தனை ஆண்டுகளாக வந்த பணத்துக்கும் போன பணத்துக்கும் கணக்கு. பழைய வழக்குகளோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று மாநிலம் வாதிட்டது. 2008-ல் பத்தாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. கடைசியில் 2010-ல் யூட்டா 3.3 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. வழக்குப் போட்டபோது பள்ளியில் சேர்ந்த பிள்ளைகள் அதற்குள் கல்லூரி வயதையே தாண்டிவிட்டார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கிறது.

அந்த வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, 2008-ல், டிரஸ்டி பொறுப்பே வேண்டாம் என்று ஒதுங்க யூட்டா முடிவெடுத்தது. புதிய டிரஸ்டியை நியமிக்கும் அதிகாரம் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத்தான் உண்டு. நவாஹோ நேஷன் தன்னிடம் தரச் சொன்னது. யூட்டா நவாஹோக்களில் ஒரு தரப்பு, அரிசோனாவின் விண்டோ ராக்கில் இருக்கும் நவாஹோ நேஷன் தலைமையிடம் பணம் போனால் தங்களுக்குத் திரும்பி வராது என்று பயந்து, உள்ளூர் அமைப்பிடம் தரச் சொன்னது. முடிவு வராமலே இழுத்தது. பிறகு மாநிலமே மீண்டும் அந்தப் பொறுப்பைச் சுமந்தது.

சரி, இன்றைய நிலைமை. மாநிலப் பொருளாளர் உள்ளிட்ட அரசு அதிகாரிகள் கொண்ட ஒரு அறங்காவலர் குழு மேலே இருக்கிறது. அதோடு, யூட்டாவின் நவாஹோ சாப்டர்களை (நவாஹோ நேஷனின் உள்ளூராட்சி அலகுகள்) சேர்ந்தவர்களைக் கொண்ட தினே குழு ('தினே' என்பது நவாஹோக்கள் தங்களைச் சொல்லிக்கொள்ளும் பெயர்) எந்தத் திட்டத்துக்குப் பணம் போக வேண்டும் என்பதில் பங்கெடுக்கிறது. அன்றாட வேலை பிளாண்டிங்கில் உள்ள அலுவலகத்தில் நடக்கிறது. இவை போக, வருடாவருடம் கணக்கையும் செயல்பாட்டையும் மத்திய உள்துறைச் செயலருக்கு மாநிலம் அறிக்கையாகத் தர வேண்டும் என்று 1968 திருத்தம் சொல்கிறது. அது பயனாளிகளின் தகவலுக்காக என்றும் அதிலேயே எழுதியிருக்கிறது. பாட்டி கணக்குக் கேட்டால், சட்டம் அவருக்காகவே எழுதிவைத்த ஒன்றைத்தான் கேட்கிறார்.

விண்ணப்பத்துக்கு வருவோம். பெரும்பாலும் சிக்கல் வருவது வசிப்பிடச் சான்றில்தான். ரெட் மெசா, டீக் நோஸ் பாஸ், மெக்சிகன் வாட்டர் போன்ற சாப்டர்கள் யூட்டா-அரிசோனா எல்லையின் இருபுறமும் பரவியிருக்கின்றன. ஒரே சாப்டரில் பதிவான இரண்டு குடும்பங்களில் ஒன்று தகுதி பெறும், இன்னொன்று பெறாது. அப்புறம், அந்தப் பக்கத்து வீடுகள் பலவற்றுக்குத் தெருப்பெயரோ கதவிலக்கமோ கிடையாது. கடிதமெல்லாம் தபால் பெட்டிக்குத்தான் வரும். வீடு யூட்டாவில் இருக்கும், தபால் பெட்டி எல்லை தாண்டி அரிசோனாவில் இருக்கும். விண்ணப்பத்தில் அரிசோனா முகவரி மட்டும் இருந்தால் பார்ப்பவருக்கு அது அரிசோனாக் குடும்பமாகத்தான் தெரியும். அதனால் வீடு இருக்கும் இடத்தை வழிக்குறிப்போடு எழுதி, சாப்டர் அலுவலகத்தில் வசிப்பிடத்தை உறுதிசெய்யும் கடிதம் ஒன்றையும் வாங்கச் சொல்லுங்கள். மின்கட்டண ரசீதோ சான் ஹுவான் கவுண்டியின் வாக்காளர் பதிவோ இருந்தால் இன்னும் நல்லது. பூர்வகுடிப் பதிவுச் சான்றையும் எடுத்து வைக்கட்டும். மாணவி கல்லூரிக்காக வெளியூர் போவதற்கு முன்பே இதையெல்லாம் முடித்துவிடுவது நல்லது.

மத்திய அரசின் மாணவர் உதவி விண்ணப்பத்தையும் நவாஹோ நேஷனின் தனி உதவித்தொகை விண்ணப்பத்தையும் கூடவே போடச் சொல்லுங்கள். இந்த டிரஸ்ட் நிதி எண்ணெய் விலையோடும் உற்பத்தியோடும் ஏறி இறங்கும். அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம்.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வாய்ச்சொல்லை வைத்து மேல்முறையீடு செய்ய முடியாது. கொடுத்த ஒவ்வொரு தாளின் நகலும் தேதியோடு வீட்டில் இருக்கட்டும்.

மேற்பார்வை பற்றிப் பாட்டிக்கு உண்மையிலேயே ஆர்வம் இருந்தால் இரண்டு வழிகள் உண்டு. பொது அமைப்புகளின் கூட்டங்களுக்கு 24 மணி நேரத்துக்கு முன்பே அறிவிப்புத் தர வேண்டும் என்பது யூட்டா சட்டம். மாநிலத்தின் பொது அறிவிப்பு இணையதளத்தில் தேதி பார்த்து அவர் நேரில் போய் உட்காரலாம். இன்னொன்று, கிராமா என்று சுருக்கமாகச் சொல்லப்படும் யூட்டாவின் அரசு ஆவணச் சட்டம். எழுத்தில் கேட்டால் பொதுவாக 10 வேலை நாட்களுக்குள் அலுவலகம் பதில் சொல்ல வேண்டும். "எல்லாக் கணக்கும் வேண்டும்" என்று கேட்காதீர்கள். குறிப்பிட்ட ஆண்டின் தணிக்கை அறிக்கை, அந்த ஆண்டின் கல்விச் செலவு, சாப்டர் வாரியான திட்டப் பட்டியல் என்று தனித்தனியாகக் கேளுங்கள். இந்தக் கடிதத்தை எழுத நவாஹோவாக இருக்க வேண்டியதில்லை, பயனாளியாகவும் இருக்க வேண்டியதில்லை. பாட்டிக்கு எழுதச் சிரமமாக இருந்தால், அவரிடம் கேட்டுக்கொண்டு உங்கள் பெயரிலேயே அனுப்பலாம்.